குதிரைக்குப் பயந்தோர் வாரியம்

போன கோடைவிழாவில், தலைநகரிலிருந்து வந்த மக்கள் பிரதிநிதி ஒருவர் குதிரைமேல் உட்கார்ந்து கைப்பேசியில் தன்னைத் தானே படம் பிடித்துக்கொண்டிருந்தபோது கீழே விழுந்தார். குதிரை நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. அது தூங்கிக்கொண்டிருந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். ஆனால் விழுந்தவர் பெரிய மனிதர். காரணமும் பெரிதாக இருக்க வேண்டியிருந்தது. குளிர்காலம் முழுக்க ஆராய்ந்த நிபுணர்கள், நாட்டில் குதிரை ஏறுகிறவர்களிடையே பயம் நிலவுகிறது, அந்தப் பயத்தை ஒழுங்குபடுத்த ஆளில்லை என்று கண்டுபிடித்தார்கள். பனி உருகுவதற்குள் ஒரு வாரியம் பிறந்துவிட்டது.

வாரியத்தார் அக்திகென் கிராமத்துக்கு வந்து, ஆற்றுப் பாலத்தின் முகப்பில் ஒரு தடுப்புக் கம்பத்தையும் ஒரு மேசையையும் போட்டார்கள். அந்தப் பாலத்தைத் தாண்டாமல் மேலே கோடை மேய்ச்சல்வெளிக்குப் போக முடியாது. ஊரில் பாதிப் பேர் ஆடுகளோடும் குதிரைகளோடும் ஏற்கெனவே மேலே போய்விட்டிருந்தார்கள். மீதிப் பாதியில், குதிரைக்குப் பயம் என்று வாய்விட்டுச் சொல்லக்கூடிய ஒரே ஆள் செவிலி சால்கின்.

சால்கினுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. ஊரின் மருந்தகமும் மருத்துவமும் அவள்தான். இளவயதில் சரளைச் சரிவொன்றில் குதிரை வழுக்கி அவளைக் கீழே போட்டது. தோள் எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் அன்றுமுதல் அங்கவடியில் கால் வைத்தாலே நாக்கு வறண்டுவிடும். இந்த மலைகளில் அப்படிச் சொல்வது, எனக்கு ரொட்டி மெல்லத் தெரியாது என்று சொல்வது மாதிரி. இருந்தாலும் கோடை முழுக்க வாரம் ஒருமுறை மேலே போயாக வேண்டும். இறக்கத்தில் நடந்துகூட வந்துவிடலாம், அந்த ஏற்றத்தை மருந்துப்பையோடு குதிரை இல்லாமல் ஏற முடியாது. அதனால் பழுதாகிக் கிடந்த ஒரு காரின் சீட் பெல்ட்டை அறுத்து, ஒரு துண்டைச் சேணத்தின் முன்பக்கத்தில் குறுக்காகக் கட்டினாள். இன்னொரு துண்டைக் குதிரையின் கழுத்தைச் சுற்றித் தளர்வாக மாட்டினாள். செங்குத்தான இடம் வந்தால் கைக்கு எது எட்டுகிறதோ அதைப் பிடித்துக்கொள்வாள். பயம் போகாது, கூடவே வரும். ஆனால் இரண்டு பேரும் விழாமல் மேலே போய்ச் சேர்வார்கள்.

"அக்கா, கியர் போட்டாச்சா? வளைவுல ஹாரன் அடிங்க!" என்பான் பக்கத்து வீட்டுத் தோலோமுஷ். ஆட்டுடலைப் பறித்தோடும் குதிரைப் பந்தயத்தில் ஒரு காலத்தில் பேர் வாங்கியவன். அந்தப் பேரை இன்னும் தினமும் செலவழித்துக்கொண்டிருந்தான்.

"உன் வாய்க்கும் ஒரு பெல்ட் மிச்சம் இருக்குடா. வேணுமா?" என்பாள் சால்கின்.

அன்று காலை மருந்துப்பையோடு பாலத்துக்கு வந்தவளை ஓர் இளைஞன் நிறுத்தினான். வாரியத்தின் ஆய்வாளர் குபான். கூர்முனை நகரத்துக் காலணி, கழுத்தில் அடையாள அட்டை. அவள் குதிரையை மரியாதையான தூரத்தில் நின்று சுற்றிப் பார்த்தான்.

"இது என்னக்கா?"

"பெல்ட்டு."

"எதுக்கு?"

"பிடிச்சுக்கத்தான். பயமா இருந்தா."

குபானின் முகம் மலர்ந்தது. வந்ததிலிருந்து அவன் விசாரித்த ஆண்கள் எல்லாரும் பயம் என்ற சொல்லையே கேள்விப்படாதவர்கள்.

"சான்று இருக்கா?"

"பெல்ட்டுக்கா, பயத்துக்கா?"

"ரெண்டுக்கும் வேணும்க்கா. சான்று இல்லாத பாதுகாப்பு ஆபத்தைவிட ஆபத்து. ஏன்னா அது ஆளுக்குப் பாதுகாப்பா இருக்குற மாதிரி ஓர் உணர்வைக் குடுத்துடும்."

அவன் இரண்டு வார்களையும் அவளையே கழற்றச் சொல்லி வாங்கி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்தான்.

"தம்பி, மேல சைகல்னு ஒரு பொண்ணு. இது ஒம்பதாம் மாசம். போன வாரமே பிரஷர் சரியில்ல. நான் போயே ஆகணும்."

"அவங்க குதிரைல வர்றாங்களா?"

"இல்ல. கூடாரத்துல படுத்திருக்கா."

"அப்ப அவங்க எங்க வரம்புக்குள்ள வரல. நீங்க பெல்ட் இல்லாம தாராளமா போகலாம்க்கா. நாங்க யாரையும் தடுக்கல."

சால்கின் முயன்று பார்த்தாள். தோரு என்ற அந்தச் செம்பழுப்புக் குதிரை பொறுமையாக நின்றது. ஏறி உட்கார்ந்து பாலத்தின் பாதிவரை போனாள். கீழே பனிநீர் இரைந்துகொண்டு ஓடியது. கை முன்னால் போய்த் துழாவியது, அங்கே ஒன்றுமில்லை. இறங்கி, நடந்தே திரும்பி வந்தாள்.

"என் பின்னால ஏறிக்கங்க அக்கா, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றான், தடுப்புக் கம்பத்தில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த தோலோமுஷ். கேலி செய்கிறவனானாலும் சைகல் அவன் தங்கை முறை.

குபான் விதிப்புத்தகத்தைப் புரட்டினான். முகம் வாடியது.

"முடியாதுண்ணே. பயப்படுறவங்க பிடிச்சுக்கிற எதுவா இருந்தாலும் அது உதவிக்கருவி. அக்கா உங்க இடுப்பைப் பிடிச்சுக்கிட்டா, நீங்க சான்று பெறாத உதவிக்கருவி ஆயிடுவீங்க. உங்களை நான் பையில போட்டு முத்திரை வைக்கணும்."

தோலோமுஷ் தன் இடுப்பை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

*

பயச்சான்றுக்கான தேர்வு மறுநாள் மாலை ஊர்க் கலையரங்கில் நடந்தது. மேடையில் ஒரு மரக்குதிரை நின்றது. வாரியத் தலைவர் அஸ்கர்பெக் சாதிகோவிச் நேரில் வந்திருந்தார். அவரைத் தந்தை பெயரோடு சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும் என்று குபான் எல்லாரிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டான். தலைவர் நன்கு வளர்ந்தவர். நிற்கும்போதும் உட்கார்ந்திருப்பது போலத் தெரிந்தார். சால்கின் ஒருத்திக்காகக் கூட்டப்பட்டிருந்தாலும், அரங்கு நிறைந்த கூட்டத்திடம் பேசுவதாகவே அவர் பேசினார்.

"தோழர்களே! பயம் என்பது தேசத்தின் சொத்து. இதுவரை ஆளாளுக்குத் தம் விருப்பப்படி பயந்துகொண்டிருந்தார்கள். எவ்வளவு வீண்! இனி உண்மையான பயத்துக்கு உரிய மரியாதை கிடைக்கும். எங்கள் வாரியம் தொடங்கிய நாளிலிருந்து, எங்களிடம் சான்று பெற்றவர் ஒருவர்கூடக் குதிரையிலிருந்து விழுந்ததில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

"எத்தனை பேருக்குச் சான்று குடுத்திருக்கீங்க?" என்றாள் சால்கின்.

"இதுவரை யாருக்கும் வழங்கவில்லை" என்றார் தலைவர். "அந்தச் சாதனையைக் கெடுத்துக்கொள்ள நாங்கள் அவசரப்படவில்லை."

தேர்வு எளிமையானது. மரக்குதிரைமேல் உட்கார வேண்டும். ஒரு மருத்துவப் பணியாளர் நாடி பார்ப்பார். நாடி வேகமாக அடித்தால் பயம் உறுதி. ஊரில் மருத்துவப் பணியாளர் ஒருவர்தான் உண்டு என்பது அப்போதுதான் தெரியவந்தது. ஆகவே சால்கின் மரக்குதிரைமேல் உட்கார்ந்து, தன் மணிக்கட்டைத் தானே பிடித்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"எப்படி இருக்கு?" என்றான் குபான்.

"நல்லா நிதானமா இருக்கு. மரக்குதிரை மேல என்ன பயம்?"

தலைவர் வருத்தத்தோடு தலையாட்டினார். "அப்படியானால் உங்களுக்குப் பயம் இல்லை. பயம் இல்லாதவருக்கு உதவிக்கருவி வழங்க முடியாது."

"இது ஓடாதுங்க. நிஜக் குதிரையில ஏத்திப் பாருங்க."

"நிஜக் குதிரையில் தேர்வு வைப்பது ஆபத்தாயிற்றே, அம்மா."

"சரி. இது மேலயே நான் பயந்திருந்தா?"

"மரக்குதிரைக்கே பயப்படுகிறவரை நிஜக் குதிரையில் ஏற விடுவோமா? உடனே தடை விதித்திருப்போம்." தன் வாரியத்தின் நுட்பத்தை எண்ணி அவர் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார்.

சால்கினின் கைப்பேசி அப்போது ஒலித்தது. மேய்ச்சல்வெளியில் ஒரே ஒரு பாறையின் உச்சியில்தான் அலைவரிசை கிடைக்கும். சைகலின் கணவன் எர்கின் அதன்மேல் ஏறி நின்று கத்தினான்.

"அக்கா, அவளுக்கு மண்டையைப் பிளக்குதாம்! கண்ணு முன்னால பூச்சி பறக்குற மாதிரி இருக்காம். கால் ரெண்டும் வீங்கிப்போச்சு. நேத்தே வர்றேன்னீங்களே!"

"உப்பைத் தொட விடாதே. இடப்பக்கமாப் படுக்க வை. நாளைக்குக் காலைல நான் அங்க இருப்பேன்."

"சாலையை வெள்ளம் அடிச்சிட்டுப் போயிடுச்சு, கார் எதுவும் வராது. எப்படி வருவீங்க?"

"அது என் பாடு. நீ போய் அவ பக்கத்துல இரு."

மரக்குதிரையிலிருந்து இறங்கி, தலைவர் முன்னால் நின்றாள். தாயும் பிள்ளையும் இரண்டு பேருமே போய்விடக்கூடும் என்று சுருக்கமாகச் சொன்னாள். அவர் அவள் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார்.

"எவ்வளவு நல்ல நேரத்தில் சொன்னீர்கள்! நாளைக் காலை பாலத்தருகே எங்கள் நிலைத்தன்மைச் சேணத்தின் தொடக்கவிழா. தொலைக்காட்சி வருகிறது. அவசர நோயாளியை நோக்கிப் போகும் பயந்த செவிலி! இதைவிட வேறென்ன வேண்டும்? தேர்வு முடிவை விழாவுக்காகத் தளர்த்துகிறேன்."

*

காலையில் ஊரே பாலத்தருகே திரண்டிருந்தது. விழா முடியும்வரை யாரும் பாலத்தைத் தாண்டக் கூடாது என்று தடுப்புக் கம்பத்தை இறக்கிப் பூட்டியிருந்தார்கள். சால்கின் தோருவோடு முதல் ஆளாக வந்து நின்றாள். தலைவர் முதலில் பேசினார்.

"வெளிநாட்டு நிபுணர்கள் பல மாதம் உழைத்தார்கள். நாங்கள் பல நாடுகளுக்குப் போய்ப் பார்த்தோம். ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் நான் எவ்வளவு சிரமப்பட்டேன் என்பதை இங்கே சொல்ல விரும்பவில்லை. உலகில் எங்கும் இல்லாத சேணம் ஒன்றை உங்களுக்காகக் கொண்டுவந்திருக்கிறோம்!"

துணி விலகியது. வாரியத்தின் சாந்தமான வெள்ளைக் குதிரைமேல் ஒரு மரச்சேணம். முன்னும் பின்னும் பெருக்கல் குறிபோல எழுந்து நின்ற கட்டைகள், அவற்றை இணைக்கும் பக்கவாட்டுச் சட்டங்கள், கால்களை நுழைத்துக் கட்டிவைக்கத் தடித்த துணிப்பைகள்.

கூட்டத்தில் சத்தமே இல்லை. நிபுணர்கள் பல மாதம் உழைத்துக் கண்டுபிடித்தது அஷமாய். நடை சரியாக வராத பிள்ளையை முதன்முதலாகக் குதிரையில் ஏற்றும்போது உட்காரவைக்கும் குழந்தைச் சேணம். அங்கிருந்த ஊரார் எல்லாரும் அதில் உட்கார்ந்து அழுதவர்கள்தான். இது அதைப் போலவே இருந்தது, பெரிய அளவில். அடுக்குமாடியில் பிறந்து லிஃப்டில் வளர்ந்த தலைவருக்கு மட்டும் அது தெரியவில்லை. கூட்டத்தின் அமைதியை அவர் வியப்பென்று எடுத்துக்கொண்டார்.

"வாருங்கள் அம்மா, ஏறுங்கள்."

சால்கின் துணிப்பைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். "காலைக் கட்டிடுவீங்களா?"

"இறுக்கமாக. அதுதான் இதன் சிறப்பே."

"மேல சரளைச் சரிவு இருக்கு. குதிரை வழுக்கி ஆத்துல விழுந்தா?"

"நீங்கள் குதிரையிலிருந்து விழ மாட்டீர்கள். குதிரையோடு சேர்ந்து விழுவீர்கள். அது எங்கள் கணக்கில் வராது."

அவள் கையை உருவிக்கொண்டாள். "என் பெல்ட்டை வேணும்னா பிடிப்பேன், வேணாம்னா விட்டுடுவேன். கட்டிப்போட்டா என்ன பண்ணுவேன்? நான் ஏற மாட்டேன். என் பெல்ட்டைக் குடுங்க. நேரமாச்சு."

"எல்லாரும் பார்க்கிறார்கள்" என்றார் தலைவர் பல்லைக் கடித்தபடி.

"பாக்கட்டுமே. அவ்வளவு நல்லதுன்னா முதல்ல நீங்க உட்காருங்க."

தொலைக்காட்சிக் கேமரா தலைவர் பக்கம் திரும்பியது. அந்தக் கண்ணாடி வட்டம் தம்மைப் பார்த்தால் மறுக்கத் தெரியாதவர் அவர். நாலு பேர் தூக்கி உட்காரவைத்தார்கள். குபான் விதிப்படி ஒவ்வொரு முடிச்சாகப் போட்டு இறுக்கினான்.

அப்போதுதான் தோலோமுஷ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு முன்னால் வந்தான். குதிரையின் தலைக்கயிற்றைப் பிடித்தான். கொஞ்சமும் சிரிக்காமல், இரண்டு உள்ளங்கையையும் விரித்து, குழந்தைகளை முதல்முறை ஏற்றும்போது சொல்கிற மாதிரி உரக்க வாழ்த்தினான்:

"கண்ணு, அழாதடா! முதுகு நிமிரட்டும், இடுப்பு உறுதியாகட்டும்! சீக்கிரம் வளர்ந்து, தனியா ஏறுற ஆம்பளையா ஆவணும்!"

"ஆமீன்!" என்று ஊரே, தொழுகை முடிவில் செய்வதுபோல, இரு கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டது.

வாழ்த்து முடிந்தால் இனிப்பை வாரி இறைப்பது வழக்கம். பெண்கள் வழக்கத்தை மீறவில்லை. மிட்டாய், பொரித்த மாவுத் துண்டுகள், வீட்டில் இருந்த வேறு எல்லாம் பறந்தன. இனிப்பு தீர்ந்ததும், கூழாங்கல் போல இறுகிய உப்புத்தயிர் உருண்டைகள் பறந்தன.

"என்ன இது? என்ன செய்கிறீர்கள்?" தலைவர் தலையை மறைத்துக்கொள்ளப் பார்த்தார்.

"அடடா, பயந்துட்டான் பாவம்" என்றாள் ஒருத்தி. "மொத நாளு அப்படித்தான் இருக்கும். தாய்க்காரி எங்க? பக்கத்துல வந்து நிக்கச் சொல்லுங்க!"

வெள்ளைக் குதிரை மிட்டாய்களைப் பொறுக்கித் தின்றது, உப்புருண்டைகளையும் விடவில்லை. உப்புத் தின்றால் தாகம் எடுக்கும். அது ஆற்றை நோக்கி நடந்தது. கரை சரிவானது; தலைவர் குதிரையின் காதுகளுக்கு மேலாக முன்னால் சாய்ந்து, சட்டங்களுக்குள் சிக்கி, ஓடும் நீரை மிக அருகில் பார்த்தார். சேணம் தன் கடமையைச் செய்தது. அவர் விழவில்லை. விழ அவர் எவ்வளவோ முயன்றும் முடியவில்லை.

"அவிழ்த்துவிடு! குபான், அவிழ்!"

குபான் கரையில் நின்று புத்தகத்தைப் புரட்டினான். "ஐயா, பயணம் முழுமையடைஞ்சா மட்டும்தான் முடிச்சை அவிழ்க்கலாம். நீங்க எங்க போறீங்கன்னு சொன்னீங்கன்னா..."

சால்கின் மேசைக்குப் போனாள். அரக்கு முத்திரையை உடைத்தாள். வார்களைத் தோருவுக்கு மாட்டினாள். யாரும் பார்க்காத நேரம் பார்த்துச் செய்யவில்லை. ஊரும் கேமராவும் பார்க்கத்தான் செய்தாள். தோலோமுஷ் வந்து அவள் கால் வைக்க அங்கவடியைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா! அது ஆதாரப் பொருள்!" குபான் ஓடி வந்தான்.

"எழுதிக்கோ. பயந்தவ ஒருத்தி சான்று இல்லாம, நடுங்கிக்கிட்டே போறா. பேர் சால்கின். எழுத்துப் பிழை இல்லாம எழுது."

தடுப்புக் கம்பத்தைத் தோலோமுஷ் பூட்டோடு பெயர்த்துத் தூக்கினான். அவள் வாரை இறுகப் பற்றிக்கொண்டு பாலத்தைக் கடந்தாள். ஆற்றுக்குள்ளிருந்து தலைவரின் குரல் வந்தது: "பின்தொடர்! கைப்பற்று!"

*

குபானுக்கு ஊரார் ஒரு குதிரையைக் கொடுத்தார்கள். சிரித்த முகத்தோடு கொடுத்தார்கள். சரளைச் சரிவு தொடங்கும் இடத்தில் அவன் குரல் சால்கினுக்குப் பின்னாலிருந்து கேட்டது.

"அக்கா... கொஞ்சம் நில்லுங்க."

"கைப்பற்றப் போறியா?"

"இல்ல." அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. பார்வையைக் கீழே விடாமல் குதிரையின் காதிலேயே வைத்திருந்தான். "உங்ககிட்ட ரெண்டு இருக்குல்ல. ஒண்ணு குடுங்களேன்."

"எதுக்கு?"

"அதான்... நிலைத்தன்மைக்கு."

"அப்படி ஒரு வார்த்தை எனக்குத் தெரியாது தம்பி. என்னன்னு புரியுற மாதிரி சொல்லு, குடுக்குறேன்."

"பயமா இருக்குக்கா! சத்தியமா பயமா இருக்கு! நான் குதிரைல ஏறுனதே இன்னைக்குத்தான்!"

சால்கின் இறங்கினாள். தோருவின் கழுத்து வாரைக் கழற்றி அவன் குதிரைக்கு மாட்டினாள். அவன் விரல்களை எடுத்து அதன்மேல் வைத்தாள். "முழு பலத்தையும் போடாதே. விழப்போறோம்னு தோணும்போது மட்டும் பிடி. ஆமா, உனக்கு யாரு ஆய்வாளர் வேலை குடுத்தது?"

"மரக்குதிரைத் தேர்வுல முதல் மார்க்குக்கா."

சைகல் கூடாரத்தில் இடப்பக்கமாகப் படுத்திருந்தாள். பிரஷர் பார்த்த சால்கின் அளவை யாரிடமும் சொல்லவில்லை. மருந்தைக் கொடுத்துவிட்டு, எர்கினைப் பாறைக்கு அனுப்பி ஆம்புலன்ஸைப் பாலத்துக்கு வரச் சொன்னாள். மருந்து கேட்டு, தலைவலி கொஞ்சம் இறங்கியதும் சைகலைத் தோருமேல் ஏற்றினார்கள். நடக்கும் முன்பே குதிரை ஏறிய பெண் அவள். சேணத்தின் முன்னால் இருந்த வாரைப் பார்த்து மெலிதாகச் சிரித்தாள்.

"அக்கா, இதைப் பாத்து நான் எவ்வளவு சிரிச்சிருக்கேன்."

"இப்பவும் சிரி. ஆனா பிடிச்சுக்கிட்டுச் சிரி."

எர்கின் ஒரு பக்கம் அவளைத் தாங்கி நடந்தான். சால்கின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். குபான் கடைசியில் வந்தான்.

வெயில் சாய்வதற்குள் பாலத்துக்கு வந்துவிட்டார்கள். தடுப்புக் கம்பம் மறுபடி நடப்பட்டிருந்தது. அதன் பின்னால், யாரோ அவிழ்த்துக் கரையேற்றிவிட்ட தலைவர், போர்வை சுற்றியபடி. அவருக்குப் பின்னால் ஆம்புலன்ஸ், இயந்திரம் ஓடியபடி.

"நில்லுங்கள்!" என்றார் தலைவர். "சான்று பெறாத கருவி. அதை ஒப்படைத்துவிட்டுத் தடுப்பைக் கடக்கலாம். அந்தப் பெண்ணுக்குப் பயம் இருப்பதற்கு என்ன அத்தாட்சி?"

சால்கின் நடையை நிறுத்தவில்லை. கம்பத்தின் அடியில் தோளைக் கொடுத்து நிமிர்த்தினாள். அந்த முறிந்து கூடிய தோளில் சாய்ந்தபடி கம்பம் செங்குத்தாக எழுந்து நின்றது. தோரு அதன் பக்கமாக உள்ளே வந்தது. சைகல் இரண்டு கையாலும் வாரைப் பற்றிக்கொண்டு, தலைவரை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் போனாள். தோலோமுஷும் எர்கினும் அவளைத் தூக்கி ஆம்புலன்ஸில் படுக்கவைத்தார்கள். சால்கின் பக்கத்தில் ஏறினாள். மறுபடி பிரஷர் பார்த்தாள். "இறங்கியிருக்கு. ஓட்டுப்பா" என்றாள். வண்டி கிளம்பியது.

தலைவர் இன்னும் தடுப்பைத் தாண்டாத ஒரே ஆள் பக்கம் திரும்பினார். குபான் பாலத்தின் நடுவில், குதிரைமேல், கழுத்து வாரை விரல் வெளுக்கப் பிடித்தபடி வந்துகொண்டிருந்தான்.

"ஆய்வாளரே! உங்கள் கையில் இருக்கும் பொருளை இப்போதே என்னிடம் கொடுங்கள். வேலையில் இருக்க வேண்டுமா, வேண்டாமா? என்மேல் கொஞ்சமாவது பயம் இருக்கிறதா?"

குபான் அவரைப் பார்த்தான். கீழே ஆற்றைப் பார்த்தான். குதிரையை நிறுத்த அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்று நிறுத்தியிருக்க மாட்டான்.

"பயமாத்தான் இருக்கு ஐயா," என்றான். "வழியை விடுங்க."